முகம் மட்டும் நின்னுபோற கோளாறு

அந்த லேப்டாப்பைத் தட்டாதீக சார். தட்டினா வராது. நானும் அரை மணி நேரமாப் பாத்துக்கிட்டுத்தான் வாரேன். நெட் வருது, போகுது, நீங்க மூடுதீக, திறக்கீக. ஓடுத ரயில்ல அது அப்படித்தான் இருக்கும். ஒரு டவரை விட்டு இன்னொரு டவரைப் பிடிக்கணும்லா. கொஞ்ச நேரம் சும்மா விட்டீகன்னா தானா வந்துரும். நம்ம கை சும்மா இருக்க மாட்டேங்கு. பாதிக் கோளாறு அதுலதான் வருது.

இவனுக்கு என்ன தெரியும்னு நினைச்சிராதீக. முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஃபால்ட் செக்ஷன்ல இருந்தவன். கோவில்பட்டியில பூவலிங்கம்னு கேட்டுப் பாருங்க. மழை பெய்ஞ்சு பூமிக்கு அடியில கேபிள் நனைஞ்சிருக்கும், எங்கன்னு தெரியாம எல்லாவனும் முழிச்சுக்கிட்டு நிப்பான். நான் ரோட்டுல நடந்துக்கிட்டே இந்த இடத்துல தோண்டுலேன்னு சொல்லுவேன். தோண்டினா இருக்கும். ரிட்டயர்மென்ட் அன்னைக்கி மாலை போட்டுப் பேசுனாக, பூவலிங்கம் கண்ணுக்குத் தப்பின கோளாறு எதுவுமே கிடையாதுன்னு. அந்தா, சன்னல் ஓரமா இருக்கால்லா, அவதான் என் வீட்டுக்காரி. செண்பகவல்லி. முதல் வரிசையில உக்காந்து அந்தப் பேச்சைக் கேட்டுட்டு அவ பாட்டுக்குச் சிரிச்சா. எதுக்குச் சிரிச்சேன்னு கேட்டேன். இன்னைக்கி வரைக்கும் பதில் கிடையாது.

நீங்க சேலம்தானே? அப்ப நேரமிருக்கு. சொல்லுதேன். லேப்டாப் வச்சிருக்கீக, உங்களுக்கும் உபயோகமா இருக்கும்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. ஜெயரேகா. புனேல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா. கல்யாணம் ஆகி ரெண்டேகால் வருஷம் ஆச்சு. மாப்பிள்ளைக்கும் அங்கதான் வேலை, வேற கம்பெனி. சிவபெருமாள்னு பேரு. நான் பாத்த மாப்பிள்ளை சார். அதுக்கு முன்னாடி பதினோரு ஜாதகம் வந்துச்சு, பதினொண்ணுலயும் நான் குறை கண்டுபிடிச்சேன். ஒருத்தன் பேசும்போது காலை ஆட்டினான். ஒருத்தன் வீட்டுல கரண்ட் வயரு தொங்கிக்கிட்டு கிடந்துச்சு, வயரையே ஒழுங்கா வைக்காதவன் பொண்டாட்டியை எப்படி வச்சிக்கிடுவான்? சிவபெருமாள்கிட்ட மூணு மணி நேரம் பேசினேன். ஒரு குறை இல்லை. ஜெயரேகா யோசிச்சா. இன்னும் ஒரு தடவை அவர்கூடப் பேசிப் பாக்கட்டுமாப்பான்னு கேட்டா. நான் பேசியாச்சும்மா, க்ளியரா இருக்குன்னுட்டேன்.

அது கிடக்கட்டும். கோளாறுக்கு வாரேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு வீடியோ கால். லேப்டாப்புல. செல்போன்ல முகம் சின்னதாத் தெரியும், எனக்கு அது பிடிக்காது. லேப்டாப்னா அவ பின்னாடி இருக்கது வரைக்கும் தெரியும். ஏம்மா அந்தத் திரை சாஞ்சு கிடக்கு, ஏம்மா அந்த அலமாரிக் கதவு மூடலைன்னு அப்பப்பச் சரிபண்ணிச் சொல்லலாம்லா.

போன மாசிவாக்குல நெட் ஒரே மக்கர். நாலு நிமிசம் பேசினா அஞ்சாவது நிமிசம் அந்துபோகும். நான் விடுவேனா? முதல்ல வைஃபை பெட்டியை அணைச்சுப் போட்டேன். பாஸ்வேர்டை அழிச்சு மறுபடி அடிச்சேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன், பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல இரும்பு பீரோ நிக்குது. இரும்பு சிக்னலைக் குடிச்சிரும். நானும் செண்பகமும் தள்ளித் தள்ளி பீரோவை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனோம். இன்னும் அங்கதான் நிக்குது. அவ பட்டுச்சேலை எல்லாம் தாளிச்ச வாசம் அடிக்குன்னு புலம்புதா. சேலை முக்கியமா, பிள்ளைகூடப் பேசுதது முக்கியமா?

அப்பமும் சரியாகலை. அடுத்தது பக்கத்து வீட்டு லூர்துசாமி. நம்ம சுவரோட ஒட்டி அவரு வீட்டுல ஒரு மீன்தொட்டி, நாலடி நீளம். தண்ணியும் சிக்னலைக் குடிக்கும் சார், இது நான் இட்டுக்கட்டிச் சொல்லலை. போய் நயமாத்தான் சொன்னேன், தொட்டியை அந்தப் பக்கம் மாத்துங்கன்னு. மனுசன் நல்லவரு, மாத்தினாரு. மாத்தினதுல ரெண்டு மீன் செத்துப்போச்சு. இப்ப எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது. அவரு பொண்டாட்டி மட்டும் செண்பகத்துக்கிட்ட மல்லிகைப்பூ குடுத்துவிடும்.

கடைசியில நெட் கனெக்சன் குடுத்த எபனேசரைக் கூப்பிட்டேன். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், நிதானமான ஆளு. லேப்டாப்பை மடியில வச்சு ரெண்டு நிமிசம் பாத்தாரு. கரண்ட் மிச்சம் பிடிக்கேன்னு லேப்டாப்பே உள்ள இருக்க வைஃபையை அப்பப்ப அணைச்சு வைக்குது சார்னாரு. எங்கயோ போய் ஒரு டிக்கை எடுத்துவிட்டாரு. அம்புட்டுத்தான். அன்னையிலருந்து நெட் அந்துபோகவே இல்லை. பீரோவைத் திரும்பத் தள்ளுவோமான்னு செண்பகம் கேட்டா. இருக்கட்டும், ஒரு பாதுகாப்புக்குன்னுட்டேன்.

இனிமேத்தான் விசயமே இருக்கு. நெட் சரியானதுக்கு அடுத்த ஞாயிறு, புதுசா ஒரு கோளாறு வந்துச்சு பாருங்க. என் சர்வீஸ்ல அப்படி ஒண்ணு பாத்ததில்லை.

ஜெயரேகா முகம் மட்டும் நின்னுபோகும் சார்.

பேசிக்கிட்டே இருப்பா, திடீர்னு அப்படியே நின்னுருவா. கண்ணு ஒரு பக்கம், வாய் லேசாத் திறந்தபடி. சரி, படம் நின்னுபோச்சுன்னு நினைப்போம். ஆனா பின்னாடி ஃபேன் சுத்துது! திரை காத்துல ஆடுது. சுவத்துல பல்லி ஒண்ணு குறுக்க ஓடி டியூப்லைட்டுக்குப் பின்னாடி போகுது. அடுப்புல குக்கர் விசிலடிக்கு, அதுவும் நல்லாக் கேக்குது. அவ முகம் மட்டும் வரலை. நான் ஜெயரேகா, ஜெயரேகான்னு கத்துதேன். ஒரு நிமிசம், ஒண்ணரை நிமிசம். அப்புறம், "அப்பா, லைன் கட்டாயிருச்சுப்பா, அடுத்த வாரம் பேசுதேன்"னு சொல்லிட்டு வச்சிருவா.

படம் பாதி பாதியாப் பிரிஞ்சு வரும்னு எனக்குத் தெரியும். அசையுத பாகம் ஒரு வழியில, அசையாத பாகம் ஒரு வழியில. ஆனா இங்க தலைகீழால்லா நடக்கு?

ஒரு தடவை இப்படி நின்னுபோயிருந்தா. ஒரு கொசு வந்து அவ கன்னத்துல உக்காந்துச்சு. நான் நல்லாப் பாக்கேன், உக்காந்து கடிக்கு. பத்து எண்ணுத நேரம் இருக்கும். சடார்னு கையை ஓங்கி அடிச்சா, லைன் வந்துருச்சு! செண்பகத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன், பாத்தியா, ஏதோ ஒரு சின்ன அதிர்ச்சி குடுத்தா சரியாகுதுன்னு. அவ தலையில அடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

நான் ஒரு நோட்டு போட்டேன். எக்ஸ்சேஞ்சுல அப்படித்தான், கோளாறு எந்த நேரத்துல வருது, அப்ப என்ன நடந்துச்சுன்னு எழுதி வச்சா ஒரு ஒழுங்கு பிடிபடும். ஆறு ஞாயித்துக்கிழமை எழுதினேன். மழை, வெயில் சம்பந்தமில்லை. நேரமும் சம்பந்தமில்லை. செண்பகம் பேசும்போது ஒரு தடவைகூட நிக்கலை, ரசப்பொடி பத்தி இருபது நிமிசம் பேசினாலும் ஓடுது. நான் பேசும்போதுதான் நிக்குது. அதுலயும் எந்த இடத்துல? முதல் வாரம், மாப்பிள்ளை எங்கம்மான்னு கேட்டேன், நின்னுச்சு. ரெண்டாவது வாரம், மாப்பிள்ளை எங்கயும் டூர் போயிருக்காராம்மான்னேன், நின்னுச்சு. மூணாவது வாரம், என் மாப்பிள்ளை மாதிரி ஒரு பையனை இந்தக் காலத்துல பாக்க முடியுமா, நான் பாத்த மாப்பிள்ளைலான்னேன். அன்னைக்கி மூணு நிமிசம் நின்னுச்சு.

அந்த வார்த்தைதான் சார். ஆறு வாரமும் அதேதான்.

செண்பகத்துக்கிட்ட நோட்டைக் காட்டினேன். அவ படிச்சுப் பாத்துட்டு ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்தா. பிறகு, "அந்த வார்த்தையைச் சொல்லாம இருந்து பாருங்களேன்"னா. பரவாயில்லையே, இவளுக்கும் கோளாறு பாக்கத் தெரிஞ்சிருக்கேன்னு நினைச்சேன். அடுத்த வாரம் அந்த வார்த்தையே எடுக்கலை. நாப்பது நிமிசம் ஓடுச்சு சார், ஒரு சிக்கல் இல்லை. பிள்ளை மெலிஞ்சிருந்தா. அவ பின்னாடி அலமாரி பாதி காலியா இருந்துச்சு. இடத்தை அடைக்காம வச்சிருக்கா, நல்லதுதான்னு சொன்னேன்.

ஆனா கோளாறு இருக்க இடத்தைத் தொடாம நடந்தா சரியாயிருச்சுன்னு அர்த்தமா? என் சர்வீஸ்ல அப்படி ஒரு கம்ப்ளைன்டை மூடினது கிடையாது. மறுபடி எபனேசரைக் கூப்பிட்டேன், ஞாயிறு பத்து மணிக்கே வாங்கன்னு. சர்ச்சு முடிச்சு வந்தாரு. என் பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார வச்சேன், கேமராவுல தெரியாத மாதிரி. இப்பப் பாருங்கன்னு கண்ணைக் காட்டிட்டு, "மாப்பிள்ளை சாப்பிட்டாராம்மா"ன்னு கேட்டேன்.

நின்னுபோச்சு. ஃபேன் சுத்துது.

எபனேசர் லேப்டாப்பைப் பாத்தாரு. செண்பகத்தைப் பாத்தாரு. அவ தரையைப் பாத்துக்கிட்டு இருந்தா. மறுபடி என் மகளைப் பாத்தாரு. என்ன தோணுச்சோ, எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டாரு. நான் பின்னாடியே போனேன். செருப்பை மாட்டிக்கிட்டே மெதுவாச் சொன்னாரு, "சார், நம்ம பக்கம் ஒரு கோளாறும் இல்லை. அந்தப் பக்கம்தான். யாராவது நேர்ல போய்ப் பாக்கணும்."

அங்க உள்ள ஆளுகளை வரச்சொல்லவான்னு கேட்டேன்.

"வேண்டாம் சார். நீங்களே போங்க. அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க."

அம்மா எதுக்கு, அவளுக்கு என்ன தெரியும்னு நினைச்சேன். சரி, விசயம் தெரிஞ்ச ஆளு சொல்லுதாருன்னு விட்டுட்டேன்.

போகுததுக்கு முன்னாடி ஒரு கடைசி டெஸ்ட் பண்ணிரணும்னு எனக்கு. ஏன்னா, மாப்பிள்ளைங்கத வார்த்தையில ஒரு 'ப்ப' வருது பாருங்க. 'ப்ப' சொல்லும்போது வாயில இருந்து காத்து வெடிச்சு மைக்குல அடிக்கும். நீங்க வேணும்னா சொல்லிப் பாருங்க, கையை வாய்க்கு நேரா வச்சுக்கிட்டு. அடிக்கா? அந்தக் காத்து அடிச்ச அடியில படம் நின்னுபோகுதோன்னு ஒரு சந்தேகம். அப்ப 'ப்ப' வார எல்லா வார்த்தைக்கும் நிக்கணும்லா. ஒரு தாள்ல எழுதி வச்சேன். போன ஞாயித்துக்கிழமை பிள்ளை வந்து உக்காந்ததும் வணக்கம்கூடச் சொல்லலை. நேரா மைக்குக்கிட்ட குனிஞ்சு, அப்பளம்னேன்.

அவ, என்னப்பான்னா.

உப்புன்னேன். சீப்பு. பருப்பு. துடைப்பம். ஒண்ணொண்ணையும் அழுத்திச் சொன்னேன். தொப்பி. கருப்பட்டி ஆப்பம்.

சிரிச்சா சார். முதல்ல வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா, பிறகு பொத்த முடியலை. "அப்பா, என்னப்பா பண்ணுதீங்க"ன்னு கேட்டுக்கிட்டே சிரிக்கா. சின்னப் பிள்ளையில சிரிப்பால்லா, தோள் ரெண்டும் குலுங்கும், அந்தச் சிரிப்பு. அஞ்சாறு மாசமா அவ சிரிச்சு நான் பாக்கலைங்கதே அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அடுப்பங்கரையில இருந்து செண்பகம் ஓடிவந்து நிலைப்படியில நின்னுட்டா. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. அதோட விட்டிருக்கலாம். தாள்ல கடைசி வார்த்தை ஒண்ணு பாக்கி இருந்துச்சு.

மாப்பிள்ளைன்னேன்.

பாதிச் சிரிப்புல நின்னுபோச்சு. வாய் சிரிச்சமேனிக்கு அப்படியே இருக்கு. தோள் அசையலை. கண்ணு என்னைப் பாத்தபடி நிக்குது. நான் அசையாமப் பாத்துக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரத்துல அவ கண்ணுக்குக் கீழ ஒரு நீளக் கோடு மாதிரி தெரிஞ்சுது. ஸ்கிரீன்ல தண்ணி பட்டிருக்கோன்னு வேட்டி நுனியால தொடைச்சேன். போகலை. இன்னும் அழுத்தித் தொடைச்சேன். அது கீழ இறங்குது சார். முகம் நிக்குது, அது மட்டும் இறங்குது.

செண்பகம் வந்தா. என் கையை எடுத்து அந்தப் பக்கம் வச்சா. ஸ்கிரீனைப் பாத்து, "நாங்க வாரோம்மா"ன்னா. ஒரே வார்த்தைதான். லேப்டாப்பை மூடிட்டா. முப்பத்தி நாலு வருஷத்துல நான் பாத்துக்கிட்டு இருந்த ஒண்ணை அவ மூடினது அதுதான் முதல் தடவை.

அன்னைக்கே டிக்கெட்டும் அவளே போட்டுட்டா. லூர்துசாமி பொண்டாட்டியைக் கூட வச்சுக்கிட்டு அவங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டிருக்கா. எனக்கு டிக்கெட்டைச் சரிபாக்காட்டி தூக்கம் வராது. வாங்கிப் பாத்தேன். போகுததுக்கு ரெண்டு பேரு. பூவலிங்கம், செண்பகவல்லி. சரியா இருக்கு. திரும்பி வாரதுக்குப் பாத்தா மூணு பேரு போட்டிருக்கு. மூணாவது, ஜெயரேகா.

தப்பாப் போட்டிருக்கியே செண்பகம்னேன். தப்பில்லைன்னா. அவளுக்கு லீவு கிடைக்காதேன்னேன். அவ டிக்கெட்டை மடிச்சுப் பர்ஸ்ல வச்சா. அப்ப மாப்பிள்ளை அங்க தனியா என்ன செய்வாருன்னு கேட்டேன்.

நின்னுட்டா சார்.

செண்பகமும் நின்னுட்டா. அதே மாதிரி. கண்ணு என்னைப் பாத்தபடி, வாய் லேசாத் திறந்தபடி. என் வீட்டுல, எனக்கு முன்னாடி, கை நீட்டினா தொடுத தூரத்துல. நடுவுல வயரு இல்லை. வைஃபை இல்லை. பீரோ இல்லை. மேல ஃபேன் சுத்திக்கிட்டு இருக்கு.

எம்புட்டு நேரம் நின்னோம்னு தெரியலை. முதல்ல நான்தான் உக்காந்தேன். அடுத்து என்ன கேக்கணும்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. கேக்கலை. முப்பத்தோரு வருஷம் மத்தவன் வீட்டு லைனை எல்லாம் பாத்தவன் சார் நான்.

ஒரு பையில டெஸ்டர், கட்டர், முப்பது மீட்டர் கேபிள், புது வைஃபை பெட்டி எல்லாம் எடுத்து வச்சிருந்தேன். சாயங்காலமா ஒண்ணொண்ணா வெளியே எடுத்துப் பரண்ல வச்சேன். பையில இடம் கிடந்துச்சு. அதுல செண்பகம் அதிரசம் வச்சா.

நேத்து ஜெயரேகா கூப்பிட்டா, செல்போன்ல. நான்தான் எடுத்தேன். "அப்பா, வாங்க. ஆனா வந்து என்கிட்ட எதையும் கேக்காதீங்கப்பா"ன்னா.

"கேக்கலைம்மா. கேட்டாத்தான் நின்னுபோகுதுல்லா"ன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட்டாயிருச்சோன்னு காதை விட்டு எடுத்துப் பாத்தேன். ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ரெண்டு பேரும் அப்படியே வச்சுக்கிட்டு இருந்தோம். அவ மூச்சு விடுதது கேட்டுச்சு. பிறகு, "எந்த வண்டியிலப்பா வாரீக"ன்னு கேட்டா. சொன்னேன். ஸ்டேசனுக்கு வந்து நிக்கேன்னா.

என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது சார். நிசமாத் தெரியாது. செண்பகத்துக்குத் தெரியும். லூர்துசாமி வீட்டுக்குத் தெரியும் போலிருக்கு. அந்த எபனேசர் வந்து உக்காந்த அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சிட்டாரு. எனக்கு அவளாச் சொல்லட்டும். எப்பச் சொல்லுதாளோ அப்பச் சொல்லட்டும்.

ஒண்ணுதான் யோசனை. திரும்புத டிக்கெட்டுல அவளுக்கு அப்பர் பெர்த் விழுந்திருக்கு. எனக்கு லோயர். மாத்திக்கிடலாம்லா? டி.டி.ஆர் ஒண்ணும் சொல்ல மாட்டாரே? அவ கீழ சன்னல்கிட்ட உக்காந்துக்கிடட்டும், அவுக அம்மா பக்கத்துல. நான் முதல்லயே மேல ஏறிப் படுத்துருவேன். மேல படுத்துக்கிட்டா, கீழ இருக்கவ முகம் எனக்குத் தெரியாது பாருங்க. முகம் தெரியலைன்னா எனக்குக் கேக்கத் தோணாது. புனேலருந்து கோவில்பட்டி வரைக்கும் ஒரு வார்த்தை பேசாம வந்துருவேன்.

என்ன சார் நீங்க, அப்படிப் பாக்கீக? பேசாமத்தான் வருவேன் சார்.